குழாயடிக் கல்

மீன் வெட்டும் கூடத்தில் யாருக்கும் பெயர் தேவைப்படவில்லை. மேசைக்கு ஓர் எண் உண்டு, அது போதும். மூன்றாம் மேசையின் முதல் இடத்தில் பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டிருந்தவளை 'மூணாம் மேசை அக்கா' என்றார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேடு எழுதுகிறவர்கூட ஒருமுறை அதையே எழுதிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அடித்துத் திருத்தினார்.

அவள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அது வேலை மாதிரியே தெரியாது. செதில் நீக்கிய மீன் இடப்பக்கத்துத் தட்டிலிருந்து வரும். செவுளுக்குப் பின்னால் கத்தி இறங்கும். முதுகெலும்பை உரசிக்கொண்டே வால்வரை ஓடும். மீனைப் புரட்டி இன்னொரு ஓட்டம். இரண்டு பக்கச் சதையும் வலப்பக்கத்துத் தட்டில் விழுந்துவிடும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. ஆள்காட்டி விரல் நுனியைச் சதைமேல் ஓட்டி, கண்ணுக்குத் தெரியாத முள்ளைத் தேடிப் பிடுங்க வேண்டும். அதற்கு ரப்பர் கையுறை ஆகாது. அதனால் புதுக் கையுறை கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் செய்கிற காரியம், கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் கத்தரித்து எறிவது. மேற்பார்வையாளருக்கும் இது தெரியும். இடைவேளை முடிந்ததும் வாயில் விரல் வைத்துச் சீட்டியடிப்பார் என்பதால் அவருக்கு 'விசில்' என்று பெயர். ஒரு முள் தங்கினாலும் திட்டு அவருக்குத்தான் விழும். எனவே கையுறையை அவர் கண்டுகொள்ளமாட்டார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு விரல் நுனிகளும் எட்டு மணி நேரம் ஐஸ் தண்ணீரில் ஊறி, வெளுத்து, சுருங்கி, முள் குத்திய பொத்தல்களோடு கிடக்கும்.

அவளுடைய முதல் மரு அங்கேதான் வந்தது. வலது ஆள்காட்டி விரலில், நகத்தோரத்தில், கடுகளவுக்கு. கத்தி பிடித்துக் காய்த்துப்போனது என்று நினைத்தாள். காய்ப்புக்குக் கூடத்தில் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: கத்தி கையில் இருக்கிறது, சீவிவிடு. சீவினாள். கடுகளவு சதைக்கு அவ்வளவு ரத்தம் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பத்து நாளில் அது மிளகளவுக்கு வளர்ந்து நின்றது, நடுவில் கறுப்புப் புள்ளிகளோடு.

"உள்ள முள்ளு ஒடஞ்சு நிக்குதுக்கா," என்றாள் எதிரில் நின்று வெட்டுகிற ரேடியோ. காலையில் ஆரம்பித்தால் வேலை முடியும்வரை அவள் வாய் ஓயாது. "குண்டூசி குடு, நான் எடுத்துத் தர்றேன்."

"நீ பேசிக்கிட்டே என் விரலையே எடுத்துடுவ. மீனை வெட்டு."

ஆனாலும் ரேடியோ சொன்னதைக் கேட்டு வீட்டில் ஊசியால் குடைந்தாள். முள் ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு முளைத்தன, பிறகு கட்டைவிரலில் ஒன்று. அதற்கெல்லாம் கவலைப்பட அவளுக்குத் தெம்பு இல்லை. வலது தோள்பட்டை இரண்டு வருடமாகத் தகராறு செய்துகொண்டிருந்தது. தலைக்குமேல் கையைத் தூக்கித் துணி காயப்போட முடியாது. லாரி ஓட்டுகிற வீட்டுக்காரர் எப்போது வருவார், வந்தால் என்ன மனநிலையில் வருவார் என்பது இன்னொரு கவலை. இந்த வரிசையில் நகத்தோரத்து மருவுக்கு இடம் கிடைக்கவில்லை.

குழாயடியில் கல் வந்தது அதற்கும் முன்பே. ஒருநாள் வேலை விட்டுப் பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் உட்கார வந்த பெண் மூக்கைச் சுளித்தாள். பிறகு வேறு இடமே காலியில்லாத வண்டியில் நின்றுகொண்டே பயணம் செய்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். மறுநாள் நடைபாதைக் கடையில் குதிகால் தேய்க்கிற நுரைக்கல் ஒன்று வாங்கிவந்து, கூடத்துக் குழாயடியில் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். முதலில் அவள் மட்டும் தேய்த்தாள். அப்புறம் அதே மேசையில் நிற்கிற அவளுடைய கூடப்பிறந்த தங்கச்சி. ஒரு மாதத்தில் மூன்றாம் மேசையின் எட்டுப் பேரும் அந்தக் கல்லால் கை தேய்க்காமல் வெளியே போவதில்லை என்றாயிற்று. சீனியாரிட்டிப்படி வரிசை. அக்கா தேய்த்து, கழுவி, அடுத்தவளிடம் நீட்டுவாள். சிவக்கச் சிவக்கத் தேய்ப்பார்கள்.

"வாசனை போச்சா பாரு," என்று ரேடியோ கையை மற்றவர்கள் மூக்கில் வைப்பாள்.

"மீன் வாசனை போச்சு. உன் வாசனை அப்படியே இருக்கு."

அந்தச் சிரிப்பும் அந்தக் கல்லும்தான் நாளின் கடைசி. பத்தொன்பது வருடத்தில் அந்தக் கூடத்துக்குத் தன்னால் வந்த ஒரே நல்ல காரியம் அது என்று அவளுக்கு ஒரு நினைப்பு இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

மீன் வாங்குகிற கம்பெனியிலிருந்து வெள்ளை அங்கி போட்ட இரண்டு பேர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போன மாதம், புதுச் சட்டம் வந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வாசலில் கையைக் காட்ட வேண்டும். புண், கட்டி, மரு, எது இருந்தாலும் மீனைத் தொடக்கூடாது. சரியாகும்வரை ஐஸ் பக்கம். ஐஸ் பக்கம் என்றால் மண்வாரி மாதிரி பெரிய கரண்டியால் உடைத்த ஐஸை அள்ளி, தோளுயரத்துப் பெட்டிகளில் கொட்டுகிற வேலை. அவளுடைய தோள் அதை ஒரு வாரம் தாங்காது. அது அவளுக்கும் தெரியும், விசிலுக்கும் தெரியும்.

முதல் திங்கட்கிழமை விரல்கள் இரண்டிலும் நீல டேப் சுற்றிக்கொண்டு போனாள். கத்தி பட்டால் எல்லாரும் சுற்றுகிற டேப்தான்.

"என்னக்கா, உனக்கே கத்தி பட்டுடுச்சா?" என்றார் விசில்.

"வயசாகுதுல்ல."

அவர் டேப்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற தங்கச்சி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அவளுக்கு ஒளித்துவைக்கத் தெரியாது, சின்ன வயதிலிருந்தே அப்படி. வலது உள்ளங்கையில், விரல்கள் தொடங்குகிற மேட்டில், வரிசையாக மூன்று மருக்கள்.

"இது என்ன?"

"காய்ப்பு சார்."

"காய்ப்புல கறுப்புப் புள்ளி எங்கேருந்து வந்துச்சு? ஐஸ் பக்கம் போம்மா."

"சார், தொத்து வியாதிக்காரி மாதிரி ஒதுக்குறீங்களே..."

"சட்டம் நான் போட்டதில்ல. போ."

அந்த நிமிடத்தில் அக்கா வாயைத் திறந்திருக்கலாம். ஏன் திறக்கவில்லை என்பதற்கு அவள் பின்னாட்களில் தனக்குத்தானே பல பதில்கள் சொல்லிக்கொண்டாள். தோள்வலி ஒரு பதில். தான் போனால் மேசையின் வேகம் குறையும் என்பது ஒரு பதில். தன்னுடையது வேறு, தங்கச்சிக்கு வந்தது வேறு என்பது இன்னொரு நாளைய பதில். ஒவ்வொன்றும் சொன்ன அன்றைக்கு உண்மை மாதிரி இருந்தது; மறுநாள் காலையில் டேப்பைச் சுற்றும்போது இருக்கவில்லை.

நான்கு மாதம் ஓடியது. தங்கச்சி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். பூண்டு அரைத்து வைத்துக் கட்டினாள். கை வெந்ததுதான் மிச்சம். புருஷன் சொன்னான் என்று பிளேடால் சீவினாள். மூன்று ஐந்தானது. கடைசியில் ஒரு புதன்கிழமை மதியம் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். "நீயும் வாயேன்க்கா, தனியா போக ஒரு மாதிரியா இருக்கு," என்றாள். அவளும் போனாள், கைப்பைக்கு அடியில் விரல்களை மடக்கி வைத்துக்கொண்டு.

தோல் டாக்டர் சின்ன வயசுப் பெண். காலையிலிருந்து ஐம்பது பேரைப் பார்த்த களைப்பு முகத்தில் அப்பியிருந்தது. ஆனாலும் உள்ளங்கையை விளக்குக்கு அடியில் இழுத்து நிதானமாகப் பார்த்தார்.

"மருதான். எத்தனை தடவை வெட்டினீங்க?"

தங்கச்சி திருடி அகப்பட்டுக்கொண்டவள் மாதிரி, "மூணு," என்றாள்.

"இனி வெட்டாதீங்க. வெட்ட வெட்ட அக்கம்பக்கத்துல பரவும்."

"வேரை எடுத்தாத்தான் போகும்னாங்க டாக்டர். கறுப்பா தெரியுதே, அது வேர்தானே?"

"வேரெல்லாம் கிடையாது. சின்னச் சின்ன ரத்தக்குழாய், உறைஞ்சு போயிருக்கு. அதான் சீவினா அவ்வளவு ரத்தம்."

"நான் கையைச் சுத்தமாத்தான் வச்சிருக்கேன். மீன் தண்ணியில நிக்கறதால வருதோ?"

"அழுக்கால வர்றதில்லம்மா, மீனாலயும் வர்றதில்ல. இது ஒரு வைரஸ். ஒரு மனுஷத் தோல்லேருந்து இன்னொரு மனுஷத் தோலுக்குப் போகுது. தோல் ஊறி, கீறல் விழுந்து இருந்தா சுலபமா உள்ள போயிடும். போன உடனே தெரியாது. ரெண்டு மூணு மாசம், சமயத்துல அதுக்கும் மேல ஆகும். சிலருக்குத் தானாவே மறைஞ்சிடும். பெரியவங்களுக்கு அதுக்கு வருஷக்கணக்கா ஆகலாம். உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

"வாய்ல மட்டும்தான் டாக்டர்."

டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். ஒரு குடுவையிலிருந்து புகை மாதிரி வழிகிற எதையோ கொண்டுவந்து மருவின்மேல் பீச்சினார். தங்கச்சி "ஆ" என்று பல்லைக் கடித்தாள். "நாலு மாசமா ஐஸ் அள்ளுறேன், இங்க வந்தா இங்கேயும் ஐஸா?"

"இது ஐஸைவிட ரொம்பக் குளிர். கொப்புளம் வரும், பயப்படாதீங்க. மூணு வாரத்துக்கு ஒருதடவை வரணும். நடுவுல இந்த மருந்து. தினம் அஞ்சு நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணில ஊறவச்சு, மேல செத்த தோலை நகம் தேய்க்கிற அட்டை அரத்தால லேசா தேய்ச்சு எடுத்துட்டு, மருமேல மட்டும் தடவுங்க. சுத்தியுள்ள நல்ல தோலுக்கு வாஸலின் போடுங்க. மூணு மாசம் விடாம செய்யணும். முகத்துல மட்டும் போட்டுடாதீங்க."

"அரம் ஒண்ணு போதுமா?"

"போதும். ஆனா அதை வேற யாரும் தொடக்கூடாது. வேற எடத்துல நீங்களே தேய்க்கக்கூடாது. சரியானதும் தூக்கிப் போட்டுடணும்."

தங்கச்சி மருந்துச் சீட்டோடு ஜன்னல் வரிசைக்குப் போனாள். அக்கா எழுந்திருக்கும்போது டாக்டர் கேட்டார்: "ரெண்டு பேரும் ஒரே எடத்துல வேலையா? அங்க எல்லாரும் பொதுவா எதையாவது பயன்படுத்துறீங்களா? துண்டு, பிரஷ் இந்த மாதிரி?"

"துண்டு அவங்கவங்களுது டாக்டர். அதுல கறாரா இருப்போம்." கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள். பிறகு குழாயடி நினைவுக்கு வந்தது. "ஒரு கல்லு இருக்கு. கை தேய்க்க."

"எல்லாருக்கும் ஒரே கல்லா?"

"ஆமா."

டாக்டர் பேனாவை மூடினார். "ஊறின தோலைக் கல்லு கீறிவிடும். ஒருத்தர் மருவுல இருக்கிற துகள் அந்தக் கல்லுப் பொத்தல்ல உட்கார்ந்துக்கும். அடுத்தவங்க கீறல்ல போய்ச் சேரும். அதைத் தூக்கிப் போடுங்க. எல்லார்கிட்டேயும் சொல்லுங்க. யாருக்கோ முதல்ல இருந்திருக்கும், அவங்களையும் வரச் சொல்லுங்க." பார்வை கைப்பைக்கு இறங்கியது. "விரல்ல என்ன டேப்?"

"கத்தி பட்டுச்சு."

"ம்," என்றார் டாக்டர். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்த வழி அவளுக்கு நினைவில்லை. தங்கச்சி பேருந்தில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் ஒரு குழந்தையைப்போல வைத்திருந்தாள். நான்தான் என்று அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று அக்கா ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தாள். நிறுத்தங்கள் தீர்ந்துபோயின.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் போய், கல்லைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மீன் கழிவுத் தொட்டியின் அடியில் திணித்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக ஒரு சமாதானம். அதே மருந்தைத் தனக்கும் வாங்கிக்கொண்டாள். தினம் காலையில் ஒரு பழைய குவளையில் விரலை ஊறவைத்தாள். சீக்கிரம் போக வேண்டும் என்கிற அவசரத்தில் நல்ல தோலிலும் சேர்த்துத் தடவி, விரல் வெந்து சிவந்தது. டேப்பை இன்னும் ஒரு சுற்று கூட்டினாள்.

கல் காணாமல் போனது மூன்றாம் மேசையில் ஒரு சாவு மாதிரி பேசப்பட்டது.

"யாரு எடுத்திருப்பா? வெளி ஆளு குழாயடிக்கு வர்றதில்ல," என்றாள் ரேடியோ. "ஐஸ் பக்கத்துக்காரங்கதான். அக்கா, தப்பா நினைக்காத. உன் தங்கச்சியா இருந்தாலும் இருக்கும். மேசையிலேருந்து போனதுலேருந்து அவளுக்கு நம்ம மேல கோபம்."

"அவ எடுக்கமாட்டா."

"நீ அவளுக்கு அக்கா, அப்படித்தான் சொல்லுவ."

கத்தி எலும்பில் சிக்கியது. பத்தொன்பது வருடத்தில் அவளுடைய கத்தி எலும்பில் சிக்கியதில்லை. அப்போதும் அவள் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வேலை முடிந்து குழாயடிக்குப் போனால், ஆறு பேரும் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். குழாய்த் தண்டில் ஒரு புதுக் கல் தொங்கியது. பழையதைவிடப் பெரியது, சாம்பல் நிறம். ஒரு பக்கத்தில் ஓட்டை போட்டு, மீன் கட்டுகிற நைலான் கயிற்றில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"இனிமே எவளும் தூக்கிட்டுப் போகமுடியாது!" என்றாள் ரேடியோ. "உன் முகம் ரெண்டு நாளா செத்துப்போய் கெடந்துச்சுக்கா. அதான் எல்லாரும் சேர்ந்து வாங்கிட்டோம். நீதான் முதல்ல தேய்க்கணும். அப்புறம் நான். எனக்கு இங்க ஒரு காய்ப்பு வந்திருக்கு பாரு, இந்தச் சொரசொரப்புக்கு ரெண்டே நாள்ல போயிடும்." கட்டைவிரலை நீட்டினாள். நகத்தோரத்தில் கடுகளவுக்கு.

ஆறு முகங்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. இதைத் தூக்கிப் போட்டால் இன்னொன்று வாங்குவார்கள். அதையும் போட்டால் சங்கிலி போட்டுக் கட்டுவார்கள். இவ்வளவு பிரியத்தோடு. அவளுக்குச் சட்டென்று தாங்கமுடியாத களைப்பு வந்தது. ஒளித்துவைப்பதற்குக்கூடத் தெம்பு வேண்டுமே, அது தீர்ந்துபோயிருந்தது.

டேப்பின் முனையைப் பல்லால் கடித்து இழுத்தாள். ஈர டேப் தோலோடு வந்தது. விரலை ரேடியோவின் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

"காய்ப்பு இல்ல. மரு. என்கிட்டேயிருந்துதான் வந்திருக்கு. கல்லு வழியா. பழைய கல்லை யாரும் எடுக்கல. நான்தான் குப்பையில போட்டேன்."

ரேடியோ தன் கட்டைவிரலைக் கண்ணுக்கு நேரே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு ஒவ்வொருவராகக் கையை விளக்குக்கு நேரே திருப்பினார்கள். ஐஸ் பக்கத்திலிருக்கிற தங்கச்சியையும் சேர்த்து, எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு.

செய்தி அன்றே விசிலுக்குப் போனது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அஞ்சு பேரையும் ஐஸுக்கு அனுப்பிட்டு மீனை நான் வெட்டவா?" ஒருத்திக்கு இருந்தபோது இரும்பாக இருந்த சட்டம், ஐந்து பேர் என்றதும் இளகியது. தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டி, அதற்குமேல் நுனி வெட்டாத முழுக் கையுறை போட்டால் மேசையில் நிற்கலாம், முள்ளுக்கு இடுக்கி. எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வாங்கிவர வேண்டும். கயிற்றில் தொங்கிய கல்லை அவரே அறுத்து எறிந்தார். "மறைச்சதுக்கு நீ ஐஸ் பக்கம்," என்றார் அக்காவிடம். அவர் குரலில் கோபம் இல்லை. "உன் எடத்துல தங்கச்சி நிக்கட்டும்."

தங்கச்சி அதற்குள் கேள்விப்பட்டிருந்தாள். ஐஸ் கரண்டியைத் தரையில் போட்டுவிட்டு வந்தாள்.

"நாலு மாசம். நான் அங்க அள்ளிக்கிட்டிருந்தேன், நீ டேப் ஒட்டிக்கிட்டு இங்க நின்ன. ஆஸ்பத்திரியில என் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்த?"

"ஆமா."

"மரு வந்ததுக்கு உன்னை ஒண்ணும் சொல்லல. அது யாருக்கும் வரும். வாய்க்கு என்ன வந்துச்சு உனக்கு?"

அக்கா குனிந்து கரண்டியை எடுத்துக்கொண்டு ஐஸ் பக்கம் போனாள்.

மூன்று வாரம் தங்கச்சி பேசவில்லை. பக்கத்து வீடு, ஒரே பேருந்து, ஒரே கூடம். அக்கா இடது கையால் அள்ளப் பழகினாள். சாயங்காலம் தோள் நெருப்பாக எரிந்தது. வெந்நீர்ப் பையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கச்சி குவளையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். அவள் கை ஊறவைக்கிற நேரம் அது. தானும் குவளையை எடுத்து விரலை ஊறவைப்பாள். மருமேல் மட்டும், வாஸலின் போட்டு, மெதுவாக.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே யாரோ சின்னப் பெண் குளிர்மருந்துக்கு வீறிட்டாள். அக்கா விரலை உள்ளே மடக்கிக்கொண்டாள். இதுதான் அவளுக்கு முதல் தடவை.

"ரொம்ப எரியுமா?" என்றாள், சுவரைப் பார்த்தபடி.

கதவு திறந்து நர்ஸ் எட்டிப்பார்த்து, "மருவுக்கு வந்தவங்க, அடுத்தது யாரு?" என்றாள்.

"நீ முதல்ல போ," என்றாள் தங்கச்சி. "உனக்குத்தான் ரொம்ப நாளா இருக்கு."

அக்கா எழுந்தாள். கைப்பையைத் தூக்க வலது தோள் ஒத்துழைக்கவில்லை. தங்கச்சி அதைப் பார்த்தாள். பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்பவில்லை.